கரியும் கூலியும் – 14: லவுசிட்ஸ் மறக்கவில்லை

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. பெர்லினின் அரசு அலுவலகங்கள் நிறைந்த பகுதியில் சுரங்கத் தொழிலாளர்களும் மின்நிலையத் தொழிலாளர்களும் ஏறத்தாழ 15,000 பேர் திரண்டு நின்றார்கள். அதே நாளில் நாட்டின் மேற்குக் கோடியில், கார்ட்ஸ்வைலர் திறந்தவெளிச் சுரங்கத்தின் ஓரத்தில் 6,000 பேர் கைகோத்து மனிதச் சங்கிலி அமைத்தார்கள். சுரங்கத்தை மூடச் சொன்னது இந்தக் கூட்டம். மூடக்கூடாது என்றது பெர்லின் கூட்டம்.

இரண்டையும் கிளப்பிவிட்டது ஒரே அறிவிப்பு. 2020க்குள் பசுமை இல்ல வாயு வெளியேற்றத்தை 1990ஆம் ஆண்டின் அளவிலிருந்து 40 சதவீதம் குறைப்பதாக ஜெர்மனி வாக்குக் கொடுத்திருந்தது. அந்த இலக்கு கைநழுவும் என்று தெரிந்ததும், பொருளாதார அமைச்சர் சிக்மர் காப்ரியல் ஒரு புதிய தீர்வையை முன்வைத்தார். பழைய மின்நிலையங்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் புகை கக்கினால் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும். அதிகம் அடிபடப்போவது பழுப்பு நிலக்கரி மின்நிலையங்கள். நெய்வேலியில் வெட்டுகிறார்களே, அதே இனத்துக் கரிதான். ஈரம் மிகுந்தது, தொலைவுக்குக் கொண்டுபோய் விற்கக் கட்டுபடியாகாதது. வெட்டிய இடத்திலேயே எரிக்க வேண்டும். ஆகவே மின்நிலையம் நின்றால் சுரங்கமும் அன்றே நின்றுவிடும்.

காப்ரியல் அப்போது சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர். தொழிற்சங்கங்களின் தோளில் வளர்ந்த கட்சி அது. அந்தச் சங்கங்களே தெருவுக்கு வந்துவிட்டதால் ஜூலை மாதத்துக்குள் தீர்வை கைவிடப்பட்டது. பழைய மின்நிலையங்கள் சிலவற்றை 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று ஒதுக்கி வைத்து, பிறகு நிரந்தரமாக மூடுவது என்றும், அதற்காக நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 160 கோடி யூரோ கொடுப்பது என்றும் முடிவானது. புகை கக்கியவர் பணம் கட்டுவதாகத் தொடங்கிய திட்டம், புகை கக்கியவருக்குப் பணம் கட்டுவதாக முடிந்தது.

அப்போது ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரித் தொழில் முழுவதிலும் இருந்த நேரடி வேலைகள் ஏறத்தாழ இருபதாயிரம். நாட்டில் வேலை செய்வோரோ நான்கு கோடிக்கும் மேல். இருபதாயிரம் வேலைகளுக்காக ஏன் ஒரு நாட்டின் பருவநிலைக் கொள்கையே முடங்க வேண்டும் என்று பொருளியலாளர்கள் பலர் கேட்டார்கள். எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இருபதாயிரம் பேர் எண்ணிக்கையை நினைத்துப் பயப்படவில்லை; தாங்கள் பட்டதை நினைத்துப் பயந்தார்கள். ஜெர்மனியில் சுரங்கங்கள் அதற்கு முன்பே இரண்டு முறை, இரண்டு விதமாக மூடப்பட்டிருந்தன. அந்த இரண்டு கதைகளையும் தெரிந்துகொள்ளாமல் 2015ஆம் ஆண்டு ஏப்ரலைப் புரிந்துகொள்ள முடியாது.

முதல் கதை மேற்கில், ரூர் பள்ளத்தாக்கில் நடந்தது. 1957இல் மேற்கு ஜெர்மனியின் கருநிலக்கரிச் சுரங்கங்களில் ஆறு லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். மறு ஆண்டே சரிவு தொடங்கியது. பருவநிலை என்ற பேச்சே அப்போது கிடையாது. கப்பலில் வந்த அமெரிக்கக் கரி மலிவு. எண்ணெய் அதைவிட மலிவு. ரூரின் கரியோ ஆழத்தில் கிடந்தது, தோண்டுவதற்குச் செலவு அதிகம். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1967 அக்டோபரில் டார்ட்மண்ட் நகரின் ஹுக்கார்டே பகுதியில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சிவப்புக் கொடியோடு கறுப்புக் கொடியும் பிடித்துத் தெருவில் நடந்தார்கள். பனிப்போர் நடுவில், கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டிருந்த நாட்டில் அது ஆட்சியாளர்களை உலுக்கிய காட்சி.

சென்ற இதழில் பார்த்த பிரிட்டனில், 1984-85 வேலைநிறுத்தத்தை முறியடித்த பிறகு அரசு சுரங்கங்களைத் தன் இஷ்டத்துக்கு மூடியது. ரூரில் அப்படி நடக்கவில்லை. ஜெர்மன் முதலாளிகள் பிரிட்டிஷாரைவிட நல்ல மனம் படைத்தவர்கள் என்பதல்ல காரணம். 1951ஆம் ஆண்டின் சட்டப்படி, கரி, எஃகு நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்கள் தொழிலாளர் தரப்புக்கு உரியவை. எந்தச் சுரங்கத்தை எப்போது மூடுவது என்று பேசும் மேசையிலேயே சங்கம் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்துதான் அது ஒரு முக்கியமான காரியத்தைச் சாதித்தது. 1968 நவம்பரில், ரூரின் இருபதுக்கும் மேற்பட்ட சுரங்க நிறுவனங்கள் ஒரே குடையின் கீழ் 'ரூர் கரி நிறுவனம்' ஆயின. நிறுவனம் ஒன்றே என்பதால், ஒரு சுரங்கத்தை மூடும்போது அங்கிருந்தவரை இன்னொரு சுரங்கத்துக்கு மாற்ற முடிந்தது. மாற்ற இடமில்லாமல் போன மூத்தவர்களுக்கு 1970களின் தொடக்கத்தில் இன்னொரு வழி பிறந்தது. நிலத்தடியில் வேலை பார்த்தவர் 50 வயதிலும், மேலே வேலை பார்த்தவர் 57 வயதிலும் வெளியேறலாம். ஓய்வூதியம் தொடங்கும் வரை அரசு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கும்.

1997இல் கருநிலக்கரிக்கான மானியத்தைச் சட்டென்று வெட்டப் பார்த்தது பிரதமர் ஹெல்முட் கோலின் அரசு. பிப்ரவரி 14 அன்று ரூரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 90 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட மனிதச் சங்கிலியில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் நின்றார்கள். அடுத்த மாதம், அப்போது அரசு இயங்கிய பான் நகரம் முற்றுகையானது. அரசு இறங்கிவந்தது. வெட்டு நின்றுவிடவில்லை, மெதுவானது. அந்தத் தொழிலாளர்கள் கேட்டதும் அதைத்தான். 2007இல் கடைசி ஒப்பந்தம் கையெழுத்தானபோது மீதமிருந்தவர்கள் முப்பதாயிரத்துக்கு மேல். பதினோரு ஆண்டு முன்னறிவிப்பு கிடைத்தது. 2018 டிசம்பர் 21 அன்று பாட்ராப் நகரின் புராஸ்பர்-ஹானியல் சுரங்கத்திலிருந்து எடுத்த கடைசிக் கரித்துண்டைக் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்-வால்டர் ஷ்டைன்மையர் கையில் கொடுத்தார்கள். அறுபது ஆண்டுகளில் ஆறு லட்சம் வேலைகள் போயிருந்தன. ஆனால் சுரங்கத்திலிருந்து வேலையில்லாதோர் அலுவலகத்துக்கு யாரையும் நேராகத் துரத்துவதில்லை என்ற வாக்கு பெரும்பாலும் காப்பாற்றப்பட்டது.

இதைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. அதே சமயம் இதன் விலையையும் சொல்லியாக வேண்டும். கருநிலக்கரிக்குக் கொடுத்த மானியம் மொத்தம் 10,000 கோடி யூரோவுக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. புகை விஷயத்திலும் பெரிய லாபமில்லை: ரூரின் கரிக்குப் பதிலாக இறக்குமதிக் கரி எரிந்தது. அப்பா மரியாதையாக ஓய்வு பெற்றார், சரி. மகன் எங்கே போவது? போஹும் நகரில் மூடிய சுரங்கத்தின் இடத்தில் 1962இல் ஓப்பல் கார் தொழிற்சாலை வந்தது. 2014இல் அதுவும் மூடிக்கொண்டது. அதே நகரில் நோக்கியா தொழிற்சாலை 2008இல் போனது. பல்கலைக்கழகமே இல்லாதிருந்த ரூரில் 1960களில் போஹும், டார்ட்மண்ட் என்று பல்கலைக்கழகங்கள் எழுந்தன. அவற்றில் படித்து மேலே வந்த சுரங்கக் குடும்பங்கள் ஏராளம். ஆனால் கெல்சன்கிர்ஷன் இன்றும் ஜெர்மனியில் வேலையின்மை மிக அதிகமான நகரங்களில் ஒன்று. தொழில் மெதுவாகச் சாகும்போது யாருக்கும் வேலைநீக்கக் கடிதம் வருவதில்லை. அந்த ஊரில் புதிதாக யாருக்கும் நியமனக் கடிதமும் வருவதில்லை. புள்ளிவிவரத்தில் முதலாவது உடனே தெரியும். இரண்டாவது தெரிய ஒரு தலைமுறை ஆகும்.

இரண்டாவது கதை கிழக்கில், போலந்து எல்லையை ஒட்டிய லவுசிட்ஸில் நடந்தது. இது வேகமாக முடிந்த கதை.

கிழக்கு ஜெர்மனியில் எண்ணெயோ எரிவாயுவோ போதிய அளவு கிடையாது. ஏராளமாக இருந்தது பழுப்பு நிலக்கரி மட்டும். 1980களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 கோடி டன் வெட்டினார்கள், உலகில் முதலிடம். மின்சாரம் அதிலிருந்து வந்தது, நகர எரிவாயு அதிலிருந்து வந்தது, வீட்டு அடுப்பில் எரிந்த கரிக்கட்டியும் அதுதான். லவுசிட்ஸில் மட்டும் இந்தத் தொழிலில் ஏறத்தாழ 80,000 பேர். ராட்சதத் தோண்டு இயந்திரங்களையும் சுரங்க ரயில்களையும் பெண்களும் ஓட்டினார்கள். அங்கே வாழும் சோர்பிய சிறுபான்மையினரின் கிராமங்கள் உட்பட 130க்கும் மேற்பட்ட ஊர்களைச் சுரங்கம் விழுங்கியது. பழுப்பு நிலக்கரியைப் பதப்படுத்திய ஷ்வார்ட்ஸ பும்ப ஆலையின் தொழிலாளர்களுக்காக 1950களில் விரிவடையத் தொடங்கிய ஹோயர்ஸ்வெர்டா, சில ஆயிரம் பேர் வாழ்ந்த சிற்றூரிலிருந்து 70,000 பேரின் நகரமாக வளர்ந்தது. வேலை, வீடு, குழந்தைகள் காப்பகம், கோடை விடுமுறை என்று எல்லாமே ஆலை வழியாக வந்தன. காற்றில் கந்தகம், துணி காயப் போட்டால் கரித்தூள் படியும். ஆனாலும் சுரங்கத் தொழிலாளிக்கு அந்த நாட்டில் தனி மரியாதை இருந்தது.

1990 ஜூலை 1 அன்று மேற்கு ஜெர்மன் மார்க் கிழக்கின் நாணயம் ஆனது. கிழக்கின் தொழிற்சாலைகள் கொத்துக் கொத்தாக விழுந்தன. அவற்றோடு மின்சாரத் தேவையும் விழுந்தது. வீடுகளுக்கு எரிவாயு வந்தது, கரிக்கட்டிக்கு ஆள் இல்லை. லவுசிட்ஸில் ஆண்டுக்கு 20 கோடி டன்னை நெருங்கியிருந்த உற்பத்தி, பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. வேலைகளோ பத்தில் ஒரு பங்காயின. ரூர் அறுபது ஆண்டுகளில் கடந்த தூரத்தை லவுசிட்ஸ் ஒரே பத்தாண்டில் கடந்தது. மாற்றிவிட வேறு சுரங்கம் இல்லை. மேசையில் உட்கார வேரூன்றிய சங்கமும் இல்லை; பழைய ஆட்சியின் சங்கம் அந்த ஆட்சியோடு மறைந்துவிட்டது, மேற்கிலிருந்து வந்த சங்கம் அப்போதுதான் ஊரைத் தெரிந்துகொண்டிருந்தது. முடிவுகளை எடுத்தது அரசு நிறுவனங்களை விற்கவும் மூடவும் அமைக்கப்பட்ட அறங்காவல் முகமை.

முதலில் போனவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். மொசாம்பிக்கிலிருந்து சுரங்கத்துக்கு அழைத்துவரப்பட்டவர்கள் ஹோயர்ஸ்வெர்டாவின் விடுதிகளில் தங்கியிருந்தார்கள். 1991 செப்டம்பரில் அந்த விடுதிகளை ஒரு கும்பல் நாள்கணக்கில் கல்லாலும் பெட்ரோல் குண்டாலும் தாக்கியது. அக்கம்பக்கத்தார் நின்று கைதட்டினார்கள். காவல்துறை தாக்கியவர்களை விரட்டாமல், தாக்கப்பட்டவர்களைப் பேருந்தில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பியது. வேலை போன ஊரின் வேதனையை எழுதும்போது இதை விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. பிறகு பெண்கள் போனார்கள். இளம்பெண்கள் மேற்கே வேலை தேடிப் போனார்கள், பெரும்பாலோர் திரும்பவில்லை. இன்று ஹோயர்ஸ்வெர்டாவின் மக்கள்தொகை அன்று இருந்ததில் பாதிகூட இல்லை. ஆள் இல்லாத அடுக்குமாடிகள் வரிசை வரிசையாக இடிக்கப்பட்டன.

கெர்ஹார்ட் குண்டர்மான் என்ற பாடகர் இந்த ஊரில் வாழ்ந்தார். பகலும் இரவும் மாறிமாறி ஷிப்டில் தோண்டு இயந்திரம் ஓட்டுவார், மீதி நேரத்தில் மேடையேறுவார். புகழ் வந்த பிறகும் சுரங்க வேலையை விடவில்லை. 1990களின் நடுவில் அவருடைய சுரங்கம் மூடப்பட்டது. தச்சு வேலை கற்கப் போனார். 1998இல், 43 வயதில் இறந்தார். 2018இல் அவரைப் பற்றி ஒரு திரைப்படம் வந்தது. கிழக்கில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள்.

வேலை இழந்தவர்களில் ஆயிரக்கணக்கானோருக்கு அரசு தற்காலிக வேலை கொடுத்தது: தாங்கள் தோண்டிய பள்ளங்களைச் சரிவு நிரவி, மரம் நட்டு, நீர் நிரப்பி ஏரிகளாக்கும் வேலை. இன்று அந்த ஏரிகளில் படகுகள் மிதக்கின்றன. நல்ல வேலைதான், செய்தே ஆக வேண்டிய வேலையும்கூட. ஆனால் ஓரிரு ஆண்டு ஒப்பந்தம் முடிந்தால் மறுபடியும் வீடு.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். பருவநிலை ஒப்பந்தங்களில் ஜெர்மனி தன் சாதனையை அளக்கும் அடிப்படை ஆண்டு 1990. அதாவது கிழக்கின் புகைபோக்கிகள் அணையத் தொடங்கிய ஆண்டு. 1997இல் கியோட்டோ பருவநிலை மாநாட்டில் ஜெர்மனி பெருமையோடு அமர்ந்தபோது, அது காட்டிய புகைக் குறைப்பில் கணிசமான பகுதி கிழக்கின் மூடப்பட்ட சுரங்கங்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் வந்தது. பருவநிலைச் சட்டம் எதுவும் வருவதற்கு முன்பே லவுசிட்ஸ் அதற்கான விலையைக் கொடுத்துவிட்டது. யாரும் அதை விலை என்று எழுதிக்கொள்ளவில்லை, நன்றியும் சொல்லவில்லை. 2015இல் காப்ரியல் அதே 1990ஐ அடிப்படையாக வைத்து இன்னும் குறைக்க வேண்டும் என்றபோது, மீதமிருந்த எட்டாயிரம் பேருக்குக் கோபம் வந்ததில் எனக்கு வியப்பில்லை.

இந்த இரண்டு கதைகளும் ஒரே அறையில் சந்தித்தது 2018 ஜூனில். அரசு ஒரு குழுவை அமைத்தது. 'வளர்ச்சி, கட்டமைப்பு மாற்றம், வேலைவாய்ப்பு' என்பது அதன் பெயர். கரியை எப்போது நிறுத்துவது என்று சொல்ல வேண்டிய குழுவின் பெயரில் கரியும் இல்லை, பருவநிலையும் இல்லை. தொழிற்சங்கம், தொழிலதிபர்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள், விஞ்ஞானிகள், சுரங்கப் பகுதிகளின் பிரதிநிதிகள் என்று வாக்குரிமை உள்ள 28 பேர் ஏறத்தாழ ஏழு மாதங்கள் பேசினார்கள். 2019 ஜனவரி 26 விடியற்காலையில் முடிவு வந்தது: கரி மின்சாரம் 2038க்குள் முற்றாக நிற்கும். ஆதரவு 27, எதிர்ப்பு 1. எதிர்த்து வாக்களித்தவர் சுரங்கத்தால் ஊரை இழக்கும் நிலையில் இருந்த லவுசிட்ஸ் கிராமத்தாரின் சார்பில் அமர்ந்த பெண்மணி. 2038 மிகத் தாமதம் என்பது அவர் நிலை. சுரங்கப் பகுதி என்றாலே சுரங்கத்தை விரும்பும் பகுதி என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வாக்கையும் சேர்த்து எண்ண வேண்டும்.

2020 ஜூலை 3 அன்று சட்டம் நிறைவேறியது. சுரங்கப் பகுதிகளுக்கு 2038 வரை 4,000 கோடி யூரோ. அதில் ஏறத்தாழ 1,700 கோடி லவுசிட்ஸுக்கு. மின்நிறுவனங்களுக்கு இழப்பீடு 435 கோடி. 58 வயது தாண்டிய தொழிலாளி வெளியேறினால், ஓய்வூதியம் தொடங்கும் வரை அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்கு உதவித்தொகை. ரூரில் பிறந்த ஏற்பாடு அது, அரை நூற்றாண்டு கழித்துக் கிழக்குக்கு வந்து சேர்ந்தது. 1990இல் வந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் ஊரிலேயே இருந்திருக்கும் என்று கேட்காத லவுசிட்ஸ்காரர் இருக்க மாட்டார்.

பணம் போதுமா என்ற கேள்வியைவிட, பணம் எதுவாக மாறுகிறது என்ற கேள்விதான் அங்கே பெரிதாக எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளால் இந்த நிதியைத் தனியார் ஆலைக்கு நேராகக் கொடுப்பது கடினம். ஆகவே ரயில் பாதை, சாலை, ஆய்வு நிலையம், பள்ளி, காப்பகம் என்று போனது. கரி வேலைக்கு ஈடான வேலை இதனால் எத்தனை பிறக்கும் என்ற கேள்வியை நாட்டின் தணிக்கை நிறுவனமும் எழுப்பியது. ஈடான வேலை என்பதில் 'ஈடு' முக்கியம். லவுசிட்ஸில் சுரங்க வேலை சங்க ஒப்பந்தச் சம்பளம் உள்ள வேலை. அந்த வட்டாரத்தில் அதைவிட நல்ல சம்பளம் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு.

பசுமை வேலை வரும் என்ற பேச்சும் அங்கே புதிதல்ல. வந்தது, போகவும் செய்தது. சூரிய மின்கலத்தில் ஒரு காலத்தில் உலகின் முன்னணி நிறுவனமாக இருந்த கியூ-செல்ஸ், லவுசிட்ஸுக்கு மேற்கே பிட்டர்ஃபெல்ட் அருகே, பழைய கரி, ரசாயன வட்டாரத்தில் வளர்ந்தது. சீன மின்கலங்களின் விலை வீழ்ச்சியும் அரசின் மானியக் குறைப்பும் சேர்ந்து அடிக்க, 2012 ஏப்ரலில் திவாலானது. அந்த ஆண்டுகளில் ஜெர்மனியின் சூரிய மின்துறை பல பத்தாயிரம் வேலைகளை இழந்தது. கரியில் மொத்தமாக மீதமிருந்ததைவிட அதிகமான இழப்பு. ஆனால் அதற்காக யாரும் குழு அமைக்கவில்லை. லவுசிட்ஸுக்கு உள்ளேயே லவுஹாமர் என்ற ஊர். பழுப்பு நிலக்கரியிலிருந்து கற்கரி தயாரித்த பெரிய ஆலை இருந்த இடம். அங்கே டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனம் காற்றாலை இறக்கைத் தொழிற்சாலை நடத்தியது. கரி நிறுத்தச் சட்டம் வந்த அடுத்த ஆண்டே, 2021இல், அதை மூடப்போவதாக அறிவித்தது. வேலை இழந்தவர்கள் நானூறுக்கும் மேல். மாற்றத்தை நம்பச் சொல்லி அந்த ஊருக்கு யார் போனாலும் முதல் கேள்வி இறக்கைத் தொழிற்சாலை பற்றியதாகத்தான் இருக்கும்.

உருப்படியாக நடந்ததும் உண்டு. 2024 ஜனவரியில் கோட்புஸ் நகரில் ஜெர்மன் ரயில்வேயின் அதிவேக ரயில் பராமரிப்புப் பணிமனை திறக்கப்பட்டது. இலக்கு 1,200 வேலைகள், சங்கச் சம்பளத்தில். அதே ஆண்டு ஜூலையில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் தொடங்கியது. கரி நிற்பதற்கு முன்பே மாற்று வேலை வந்து சேர்ந்த அபூர்வமான உதாரணம் அந்தப் பணிமனை. ஒரு தொழிலாளி கரியிலிருந்து ரயிலுக்கு மாறும்போது நடுவில் வேலையில்லாத மாதம் இருக்கத் தேவையில்லை.

2022 அக்டோபரில் மேற்கின் ஆர்.டபிள்யூ.ஈ. நிறுவனம் அரசோடு பேசி, தன் கரி மின்நிலையங்களை 2030க்குள்ளேயே நிறுத்த ஒப்புக்கொண்டது. கிழக்கும் அதே ஆண்டுக்கு வர வேண்டும் என்று பெர்லினில் குரல் எழுந்தது. லவுசிட்ஸ்காரரான பிராண்டன்பர்க் மாநில முதல்வர் டீட்மார் வொய்ட்கே மறுத்துவிட்டார்: 2038 என்று கையெழுத்துப் போட்டீர்கள், 2038 தான். பருவநிலையை நினைத்தால் எட்டு ஆண்டுகள் என்பது கவலை தரும் தாமதம்; நான் 2030இன் பக்கம்தான். ஆனால் கையெழுத்தான தேதியை ஒருதலையாக மாற்றினால் என்ன ஆகும் என்று 1990ஐப் பார்த்த ஊருக்குப் பாடம் எடுக்க முடியாது. கரி நிறுத்தத்தையே எதிர்க்கும் 'ஜெர்மனிக்கு மாற்று' கட்சி அடுத்தடுத்த தேர்தல்களில் லவுசிட்ஸில் முதலிடத்துக்கு வந்ததையும் இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இப்போது அங்கே வேலைச் சந்தை தலைகீழாகிவிட்டது. 1990களில் ஆள் இருந்தார்கள், வேலை இல்லை. இன்று பணிமனைக்கும் மருத்துவமனைக்கும் ஆள் வேண்டும். ஊரில் இளைஞர்கள் இல்லை. அன்று மேற்கே போன பெண்கள் அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்துவிட்டார்கள். கரி நிறுவனமும் ரயில்வேயும் ஒரே மின்பணியாளருக்காகப் போட்டி போடுகின்றன. பயிற்சி பெற்றவர்கள் இப்போதே வெளியேறிவிட்டால் 2038 வரை மின்நிலையத்தை ஓட்டப்போவது யார் என்ற கவலை கரி நிறுவனத்துக்கு. எல்லைக்கு அப்பால் போலந்திலிருந்து தினமும் ஆட்கள் வேலைக்கு வந்து போகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு லவுசிட்ஸ்காரர்கள் மேற்கே போனதுபோல இப்போது போலந்துக்காரர்கள் லவுசிட்ஸுக்கு வருகிறார்கள். அவர்களுடைய ஊர்ப் பக்கம், நைஸ்ஸ ஆற்றின் மறுகரையில், டுருவ் சுரங்கம் இன்னும் கரி வெட்டிக்கொண்டிருக்கிறது.

(தொடரும்)